பெரியப்பாவும் மாமாவும் தின்ன மெமரி

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். திருநெல்வேலி ஜங்ஷன்ல முத்தையா அண்ணாச்சியோட டிடிபி கடைக்குப் போகணும். அங்க கம்ப்யூட்டர் ஏன் நாளுக்கு நாள் மெதுவாகுதுன்னு பாக்கணும். அப்படியே என் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சான்னு கேட்டுட்டு வரணும்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.

டிடிபி கடைன்னா இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தொண்ணூறுகள்ல கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சு அச்சகத்துக்கு அனுப்புற கடை. ஊர்ல யாருக்கு நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதல்ல தெரியுறது அண்ணாச்சிக்குத்தான்.

அந்தக் கடையில ஓடுன தமிழ் எடிட்டர் நான் எழுதுனது. பாளையங்கோட்டையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டு, மிச்ச நேரத்துல உக்காந்து எழுதுனேன். பேரு 'பொருநை'. உலகத்துலயே அதை வாங்குனது அண்ணாச்சி ஒருத்தர்தான்.

அதுல எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் ஒண்ணு உண்டு. தப்பா அடிச்சிட்டா, அதுக்கு முந்தி இருந்த மாதிரி திரும்பப் போக ஒரு பட்டன். மத்த எடிட்டர்ல ஒருதரம் பின்னால போகலாம். என்னோடதுல எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம். 'எதையும் மறக்காத எடிட்டர்'னு நானே நோட்டீஸ் அடிச்சு, நானே பஸ் ஸ்டாண்டுல நின்னு கொடுத்தேன். நோட்டீஸை வாங்குன ஆளுங்க அதுல முறுக்கு வச்சுத் தின்னாங்க.

கடைக்குள்ள நுழைஞ்சேன்.

"வாரும் வே டாக்டரே"ன்னாரு அண்ணாச்சி. "உம்ம பிள்ளைக்கு மூச்சு வாங்குது."

ஒரு எழுத்தை அழுத்திக் காட்டுனாரு. நாங்க ரெண்டு பேரும் திரையைப் பாத்தோம். திரை எங்களைப் பாத்துது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பைய 'அ' வந்து நின்னுச்சு.

"பாத்தீரா? இந்த லட்சணத்துல 'அன்புடையீர்'னு அடிச்சு முடிக்கதுக்குள்ள உம்ம முகூர்த்தமே முடிஞ்சிரும்."

"கடைசியா எப்ப அணைச்சீங்க அண்ணாச்சி?"

"அணைக்கதா? உமக்கு நிச்சயம் பண்ணுன மறுநாள் போட்டது. அதுக்குப் பொறவு அணைக்கவே இல்ல."

"கரண்டு போனா?"

"யுபிஎஸ் இருக்கு. அதுவும் போச்சுன்னா, பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டர்ல இருந்து ஒரு வயரு இழுத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

"அணைச்சா எல்லாம் போயிரும்லா."

என்ன போயிரும்னு நான் கேக்கலை. கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனா கேள்வி கேக்குறது நோயாளியோட வேலை, பதில் சொல்லுறதுதான் டாக்டரோட வேலைன்னு அந்த வயசுல எனக்கு ஒரு நெனப்பு.

முதல்ல சூடுதான் காரணம்னேன். டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வச்சோம். கம்ப்யூட்டர் அப்படியே இருந்துச்சு, எங்க ரெண்டு பேருக்கும் வேர்த்துச்சு.

அடுத்து வைரஸ்னேன். பையில வச்சிருந்த பிளாப்பியைப் போட்டுத் தேடுனேன். அது ரொம்ப நேரம் கரகரன்னு தேடிட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருச்சு.

"வைரசு இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் வே. பழியை அது மேல போட்டிருக்கலாம்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. சரி, மெமரியைப் பாத்துருவோம்னு முடிவு பண்ணுனேன். மெமரிங்கது கம்ப்யூட்டர் வேலை செய்யுறதுக்குப் போட்டு வச்சிருக்க மேசை. மேசை முழுக்கச் சாமான் நிறைஞ்சு போனா, பேனா வைக்கக்கூட இடம் இருக்காது. எடிட்டர் எழுதும்போது எனக்காக ஒரு ரகசிய பட்டன் வச்சிருந்தேன். அதை அழுத்துனா, மெமரியில இன்னும் எவ்வளவு இடம் மீதி இருக்குன்னு திரையோட மூலையில ஒரு நம்பர் காட்டும்.

அழுத்துனேன். நம்பர் வந்துச்சு. நான் நெனச்சதை விட ரொம்பச் சின்ன நம்பர்.

ஒரு வார்த்தை அடிச்சேன். நம்பர் இறங்குச்சு. அது நியாயம். அடிச்ச வார்த்தையை அழிச்சேன். நம்பர் ஏறணும். மறுபடி இறங்குச்சு.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்தாரு. "எங்க வீட்டு சீனி டப்பாவும் இப்படித்தான் வே. எடுத்தாலும் குறையுது, எடுக்காட்டாலும் குறையுது."

"எங்கயோ ஒழுகுது அண்ணாச்சி."

"நீரு கட்டுன வீடு. உமக்குத்தான் தெரியணும்."

அப்பத்தான் அண்ணாச்சி வாசலைப் பாத்துட்டுச் சடார்னு நிமிந்து உக்காந்தாரு.

"உம்ம பெரியப்பா வருதாரு. நீரு அந்தப் பக்கம் தள்ளி உக்காரும். ஒண்ணும் பேசாம இரும்."

பெரியப்பா எங்க அப்பாவுக்கு அண்ணன். தாசில்தாரா இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கிட்டு வந்தாக்கூட மேல் விசாரணை பண்ணிட்டுத்தான் உள்ள விடுவாரு.

அவர் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, அண்ணாச்சி என்னோட பெருமைக்குரிய பட்டனைக் கடகடகடன்னு அழுத்துனாரு. திரையில என் கல்யாணப் பத்திரிகை. 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு அதுக்குக் கீழ எங்க சொந்தக்காரங்க பேரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கி, இடம் மாறி, ஒரு வழியா நின்னுச்சு. பெரியப்பா பேரு உச்சியில.

மூலையில நம்பர் சர்ருன்னு இறங்குனதை நான் மட்டும்தான் பாத்தேன்.

"ஏலே, நீ இங்கன என்ன செய்யுத?"ன்னாரு பெரியப்பா. "மாப்பிள்ளை வெயில்ல அலைஞ்சா கறுத்துப் போவியே."

"கம்ப்யூட்டர் பாக்க வந்தேன் பெரியப்பா."

"அதைப் பாத்து என்ன ஆகப்போகுது"ன்னு சொல்லிட்டுத் திரையைப் பாத்தாரு. விரலை வச்சு ஒவ்வொரு பேரா வாசிச்சாரு. "அண்ணாச்சி, என் பேருக்குப் பின்னால தாசில்தார்னு போட்டு, பக்கத்துல ஓய்வுன்னு ஒண்ணு போட்டிருக்கீரே. அதை எடுத்துரும். வேலையிலதான் ஓய்வு, மரியாதையில இல்ல."

எடுத்தாச்சு. நம்பர் இறங்குச்சு.

"இவன் தாய்மாமன் பேரு இன்னும் ஒரு வரி கீழ போகட்டும். கண்ணுல படுது."

இறக்கியாச்சு. நம்பரும் இறங்குச்சு.

பெரியப்பா திருப்தியாக் கிளம்பிட்டாரு. அவர் தெரு முக்கு திரும்பியிருக்க மாட்டாரு, வாசல்ல ஒரு ஸ்கூட்டர் சத்தம். அண்ணாச்சி வெளிய எட்டிக்கூடப் பாக்கலை. சத்தத்தைக் கேட்டதுமே மறுபடி பட்டனைக் கடகடன்னு அழுத்த ஆரம்பிச்சுட்டாரு.

வந்தது எங்க மாமா. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. பாளையங்கோட்டை மார்க்கெட்ல பாத்திரக்கடை வச்சிருக்காரு. அவர் மெதுவாப் பேசுனாலே ரெண்டு குடம் உருண்ட மாதிரி இருக்கும்.

திரையில பேரெல்லாம் மறுபடி ஏறி இறங்கி நின்னுச்சு. இப்ப உச்சியில மாமா. 'தாய்மாமன்'னு தனியா, கொட்டை எழுத்துல. பெரியப்பா எங்கன்னு தேடுனேன். கூட்டத்துக்கு நடுவுல, யாரோ மறைக்குற மாதிரி ஒரு இடத்துல நின்னுக்கிட்டிருந்தாரு.

"மருமவனே, நீயும் இருக்கியா? நல்லதாப் போச்சு. இதைப் பாரு, எழுத்து கொஞ்சம் சிறுசா இல்ல?"

"பொண்ணு பேரை விடப் பெருசா இருக்கு மாமா."

"அப்ப சரி. இன்னும் ஒரு சுத்து பெருசாக்கும் அண்ணாச்சி."

ஆக்கியாச்சு. மாமாவும் கிளம்பிட்டாரு. மூலையில நம்பர் சாகக் கிடந்துச்சு.

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. என் எடிட்டர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் பத்திரிகையையும் ஒரு நகல் எடுத்து மெமரியில வச்சுக்கிடும். சோம்பேறித்தனத்துல நான் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். பின்னால போனா, அதையும் ஒரு புதுத் திருத்தம்னு நெனச்சு அதுக்கும் ஒரு நகல் எடுக்கும். நிச்சயதார்த்தத்துல இருந்து அன்னைக்கு வரைக்கும் எங்க பெரியப்பாவும் மாமாவும் ஏறுன படி, இறங்குன படி அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ள அடுக்கடுக்கா இருந்துச்சு.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி. கோளாறு எடிட்டர்ல இல்ல. எங்க குடும்பத்துல."

"அது எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும். இப்ப என்ன செய்யணும்?"

"எடிட்டரை ஒருதரம் மூடித் தொறந்தா மெமரி காலியாகிரும். பொறவு பறக்கும்."

"கொஞ்சம் பொறும். டீ சொல்லிட்டு வந்துருதேன். பொறவு பேசுவோம்"னு சொல்லிட்டு அண்ணாச்சி எழுந்து போனாரு.

பொறுத்திருக்கலாம். ஆனா அவர் வர்றதுக்குள்ள முடிச்சு வச்சு அசத்தணும்னு எனக்கு ஒரு அரிப்பு.

அப்பவும் நான் கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கலை. சேமிச்சு வச்சிருக்க பைலு என்னென்னன்னு ஒருதரம் பாத்தேன். அந்தக் காலத்துல பைலுக்கு எட்டெழுத்துக்கு மேல பேரு வைக்க முடியாது. 'நெல்லை ஒண்ணு', 'நெல்லை ரெண்டு'ன்னு ரெண்டு பைலு இருந்துச்சு. என் பேரு நெல்லையப்பன். ஒண்ணு மாமா பிரதி, இன்னொண்ணு பெரியப்பா பிரதி. அண்ணாச்சி கெட்டிக்காரர்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டு, திரையில இருந்ததைச் சேமிச்சு, எடிட்டரை மூடித் தொறந்தேன்.

பறந்துச்சு. விரலை எடுக்கதுக்கு முந்தி எழுத்து வந்து நின்னுச்சு.

அண்ணாச்சி ரெண்டு கையிலயும் டீ கிளாஸோட வந்தாரு. ஒரு எழுத்தை அழுத்திப் பாத்தாரு. "அடேயப்பா"ன்னாரு. உக்காந்து ரசிச்சு ஒரு வாய் டீ குடிச்சாரு. பொறவு சும்மா ஒருதரம் பின்னால போற பட்டனை அழுத்துனாரு.

'இதற்கு முன் எதுவும் இல்லை'ன்னு திரையில வந்துச்சு. அந்த வாசகமும் நான் எழுதுனதுதான்.

மறுபடி அழுத்துனாரு. மறுபடி அதே வாசகம். கிளாஸைக் கீழ வச்சாரு.

"உம்ம பெரியப்பா எங்க வே?"

"நெல்லை ரெண்டுல இருப்பாரு அண்ணாச்சி."

"அது பேட்டை நெல்லையப்பன் வே. வீடு பால்காய்ச்சுக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கான்."

எங்க ஊர்ல ரத வீதியில நின்னு 'ஏ நெல்லையப்பா'ன்னு கூப்பிட்டா, பாதித் தெரு திரும்பிப் பாக்கும். பிறந்ததுல இருந்து அந்தப் பேரோட அலையுறவன் நான். எனக்கே அது தோணலை.

"அப்ப பெரியப்பா வரிசை?"

"பின்னால போற பட்டன்ல இருந்துச்சு."

"தனியா ஒரு பைலு போட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பைலு போட்டு, முன்ன ஒருதரம் மாத்தி அச்சுக்கு அனுப்பிட்டேன் வே. பொண்ணுக்கு அண்ணன் நேரா கடைக்கு வந்து நின்னான். அன்னையில இருந்து ஒரு கல்யாணத்துக்கு ஒரு பைலுதான். நீருதானே எதையும் மறக்காதுன்னு நோட்டீஸ் அடிச்சீரு?"

"சரி, இதுல எந்த வரிசை அச்சுக்குப் போகுறதா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும்."

"ரெண்டுமா?"

"பெரியப்பா வரிசையில ஒரு கட்டு, மாமா வரிசையில ஒரு கட்டு. அவுகவுக கட்டை அவுகவுக சொந்தத்துக்குக் கொடுத்துக்கிட வேண்டியது. ஒருத்தர் பத்திரிகையை இன்னொருத்தர் எங்கன பாக்கப் போறாரு? உங்க அப்பா ஏற்பாடு வே இது."

எங்க அப்பா போஸ்ட் ஆபீஸ் கிளார்க்கு. யார் என்ன சொன்னாலும் 'அதுவும் சரிதான்'ம்பாரு. அவருக்குன்னு ஒரு கருத்தும் கிடையாதுன்னு நானும் அம்மாவும் எத்தனையோ தரம் கேலி பண்ணியிருக்கோம்.

"ஒருநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரமா வந்தாரு"ன்னாரு அண்ணாச்சி. "'எனக்கு அண்ணனும் வேணும், மச்சானும் வேணும். ரெண்டுல ஒரு ஆளு வராமப் போனாலும் என் பையன் முகம் வாடிரும். எப்படியாவது பாத்துச் செய்யுங்க'ன்னாரு. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பா கஷ்டப்பட்டுக் கட்டி வச்சதை நான் ஒரே பட்டன்ல இடிச்சுட்டேன்.

அதுவும் எந்த நாள்ல? மறுநாள் காலையில குடும்பத்தோட பாபநாசம் போறோம். முதல் பத்திரிகையை அங்க சாமி பாதத்துல வச்ச பொறவுதான் வெளிய ஒருத்தருக்குக் கொடுக்கது எங்க வீட்டு வழக்கம். காரெல்லாம் பேசியாச்சு. சாயங்காலம் பக்கத்து அச்சகத்துக்குப் போகலைன்னா, மறுநாள் கையில பத்திரிகை இருக்காது.

பெரியப்பா வரிசையை ஞாபகத்துல இருந்தே அடிச்சுருவோம்னு ரெண்டு பேரும் உக்காந்தோம். பேரெல்லாம் தெரியும். வரிசைதான் பிடிபடலை.

"பெரியப்பாவோட மூத்த மருமகன் மேலயா, ரெண்டாவது மருமகன் மேலயா?"ன்னு கேட்டேன்.

"முதல்ல மூத்தவருதான் மேல இருந்தாரு. நிச்சயத்துக்கு வரலைன்னு கீழ இறக்கச் சொன்னாரு. பொறவு ஒரு கூடை மாம்பழம் கொண்டாந்து கொடுத்தாருன்னு..."

"மேல ஏத்துனாரா?"

"ஏத்துனாரு. ஆனா மாம்பழம் புளிச்சுக் கெடந்துச்சுன்னு ஒருநாள் சொல்லிக்கிட்டிருந்தாரு வே. அதுக்குப் பொறவு இறக்குனாரான்னுதான் ஞாபகம் இல்ல."

இப்படி ஒவ்வொரு பேருக்கும் பின்னால ஒரு புராணம். கடைசியில எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்துச்சு. பெரியப்பாகிட்டயே நைசாக் கேட்டுட்டா என்ன?

கடை போன்ல இருந்து அவர் வீட்டுக்கு அடிச்சேன்.

"பெரியப்பா, சும்மா ஒருதரம் சரிபாக்கணும். உங்க வரிசையைச் சொல்லுதியளா?"

அண்ணாச்சி தலையில கை வச்சாரு. ஏன்னு எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

"என் வரிசையா?"ன்னாரு பெரியப்பா பைய. "அப்ப வேற எவன் வரிசை லே அங்க இருக்கு?"

"இல்ல பெரியப்பா, அது வந்து..."

"இப்பத்தானே பாத்துட்டு வந்தேன். அந்தப் பத்திரிகை எங்க?"

நான் யோசிச்சுப் பதில் சொல்லுறதுக்குள்ள போனை வச்சுட்டாரு. ஆயுசு முழுக்க பட்டாவுல திருட்டைக் கண்டுபிடிச்ச மனுஷன்கிட்ட நான் நைசாக் கேட்டிருக்கேன்.

கொஞ்ச நேரத்துல வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. முதல்ல பெரியப்பா இறங்குனாரு. பின்னாலயே மாமா. வர்ற வழியில மார்க்கெட்ல நிறுத்தி அவரையும் ஏத்திட்டு வந்திருக்காரு. எதிர்க்கட்சியை வச்சுக்கிட்டே விசாரிக்கணுமாம்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திரைக்குக் கிட்ட குனிஞ்சாரு.

"இது என்ன, சுவத்துல எழுதுற எழுத்தா?"

"தாய்மாமன் பேரு பின்ன எப்படி இருக்கணும் அத்தான்?"ன்னாரு மாமா.

பெரியப்பா விரலை வச்சுத் தன் பேரைத் தேடுனாரு. விரல் கீழ போச்சு. இன்னும் கீழ போச்சு. ஒரு இடத்துல நின்னுச்சு.

"நான் பாத்தது வேற பத்திரிகை."

"வேறயா? அதுல என் பேரு எங்கன இருந்துச்சு?"

பெரியப்பா மேசைக்காலோட அடியைக் காட்டுனாரு.

"அப்படியா சேதி"ன்னாரு மாமா. கடையில இருந்த காகிதமெல்லாம் ஆடுச்சு. "அப்ப நான் வரலை. தாய்மாமன் இல்லாம மாலையை எவன் எடுத்துக் கொடுக்கான்னு பாக்கேன்."

"பெரியவன் இல்லாம பந்தக்கால் எப்படி ஊனுதியன்னு நானும் பாக்கேன்."

ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் செருப்பைத் தேட ஆரம்பிச்சாங்க. எனக்கு நிஜமாவே பயம் வந்துருச்சு. கல்யாணம் நின்னுருமோன்னு இல்ல. சாயங்காலம் அப்பா ஆபீஸ் முடிஞ்சு வந்ததும், 'ரெண்டு பேரும் வரலையாம்பா'ன்னு நான் சொன்னா, அவர் அதுக்கும் 'அதுவும் சரிதான்'னு சொல்லிட்டு ஓரமாப் போயி உக்காந்துருவாரேன்னுதான் பயம்.

அப்ப அண்ணாச்சி தொண்டையைச் செருமுனாரு.

"ரெண்டு பேரும் ஒரு நிமிசம் நில்லுங்க. நான் அடிச்சது ஒரே பத்திரிகைதான். உங்க ரெண்டு பேரு மனசும் கோணாம, பாத்துப் பாத்து அடிச்சேன். மாப்பிள்ளை எழுதுன எடிட்டரு இருக்குல்லா, அது மெமரி பத்தாம, பேரைத் தன்னால மேலயும் கீழயும் மாத்திப் போட்டுட்டுது." என் பக்கம் திரும்புனாரு. "அப்படித்தானே வே?"

என் எடிட்டர் மெதுவாப் போகும். மூச்சு வாங்கும். ஆனா யாரும் கேக்காம ஒரு பேரைக்கூட இடம் மாத்தாது. அது ஒண்ணுதான் அதுல உருப்படி. ராத்திரி பகலா உக்காந்து அதுக்காகத்தான் பாடுபட்டேன். அதை வாங்குன ஒரே மனுஷன், அதைப் பத்தி இப்படி ஒரு பொய்யைச் சொல்லிட்டு, ஆமான்னு சொல்லச் சொல்லுதாரு.

"ஆமா பெரியப்பா"ன்னேன். "என் தப்புதான். சரியா எழுதலை."

பெரியப்பா செருப்பை விட்டுட்டுத் திரும்பி வந்தாரு. "நான் அப்பவே நெனச்சேன்."

"நானும்தான்"னாரு மாமா.

"இவன் ஆறாவது படிக்கையில எங்க வீட்டு ரேடியோவைத் தொறந்து பாத்தவன்லா மாப்ள. பொறவு அது பாடவே இல்ல"ன்னாரு பெரியப்பா, மாமாவைப் பாத்து.

"எங்க வீட்டு கிரைண்டரு கதை உங்களுக்குத் தெரியாதா அத்தான்?"

"கிரைண்டரா? இது யாரும் சொல்லலையே."

மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியப்பா பக்கத்துல உக்காந்து கிரைண்டர் கதையைச் சொன்னாரு. அதுல பாதி நடக்கவே இல்ல. பெரியப்பா முழுசையும் நம்புனாரு. அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நான் பாத்தது அன்னைக்குத்தான்.

"இந்தக் கோட்டிப்பய செஞ்ச வேலையில நமக்குள்ள மனஸ்தாபம் வரப் பாத்துதே மாப்ள"ன்னாரு பெரியப்பா. "உம்ம பேரு மேலயே இருக்கட்டும்."

"அது எப்படி அத்தான்? பெரியவங்க நீங்க இருக்கையில? அண்ணாச்சி, அத்தான் பேரை மேல போடும்."

அண்ணாச்சி போட்டாரு.

"இல்ல இல்ல. தாய்மாமன் முறை பெருசு. அவரை மேல தூக்கும்."

தூக்குனாரு.

"நான் சொல்லுதேன்லா அத்தான், நீங்கதான் மேல."

"நான் வேண்டாம்னு சொல்லுதேன்லா."

மூலையில நம்பர் மறுபடி இறங்க ஆரம்பிச்சுது. ரெண்டு பேரு குரலும் ஏற ஆரம்பிச்சுது. விட்டுக்கொடுக்கதுலயும் சண்டை வந்துரும் போல இருந்துச்சு.

"ஒரே வரியில ரெண்டு பேரையும் போடலாமே"ன்னேன்.

"நீ சும்மா இரு லே"ன்னாங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல.

அண்ணாச்சி ஒரு வாய் ஆறிப்போன டீயைக் குடிச்சிட்டு, "நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஒரே வரியில ரெண்டு பேரையும் போட்டா என்ன?"ன்னாரு.

"பெரிய மனுஷன் சொன்னா அது நியாயம்"னாரு பெரியப்பா. மாமா தலையை ஆட்டுனாரு.

அடிச்சு முடிச்ச கையோட, யாரையும் கேக்காம, நானே எழுந்து போயி அதைச் சேமிச்சேன். தனிப் பேர்ல.

சாயங்காலம் அச்சாச்சு. ஒரே வரிசை, ஒரே கட்டு. அப்பா ஆபீஸ்ல இருந்து நேரா கடைக்கு வந்தாரு. அண்ணாச்சி அவரை ஓரமாக் கூட்டிட்டுப் போயி ரொம்ப நேரம் பேசுனாரு. அப்பா திரும்பி வந்து பத்திரிகையை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் வாசிச்சாரு. பொறவு இன்னொருதரம் வாசிச்சாரு.

மறுநாள் காலையில, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுன பத்திரிகையோட பாபநாசத்துக்குக் கிளம்புனோம். அம்மாவும் பெரியம்மாவும் பூசைச் சாமானோட முன்னாலயே பஸ்ல போயாச்சு. கார்ல முன் சீட்டுல அப்பா. பின்னால ஒரு ஜன்னல்ல பெரியப்பா, இன்னொரு ஜன்னல்ல மாமா, நடுவுல நான்.

ரெண்டு பேரும் வழி பூரா என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தாங்க. என் தலைக்கு மேலயே பேசுனாங்க. சேரன்மகாதேவி தாண்டுறதுக்குள்ள ரேடியோவும் கிரைண்டரும் முடிஞ்சு, நான் சைக்கிள் கத்துக்கிட்ட கதைக்கு வந்துட்டாங்க. அம்பாசமுத்திரத்துல டீ குடிக்கும்போது, இவனுக்கு எப்படித்தான் பொண்ணு கொடுத்தாங்களோன்னு பெரியப்பா சொல்ல, அதையேதான் நானும் நெனச்சேன்னு மாமா அவர் தோள்ல கை போட்டுக்கிட்டுச் சிரிச்சாரு.

அதுக்கு மேல என்னால தாங்க முடியலை. மறுபடி கார் கிளம்புனதும், "பெரியப்பா, உண்மையிலேயே அந்த எடிட்டர்ல கோளாறு..."ன்னு ஆரம்பிச்சேன்.

முன் சீட்டுல இருந்து அப்பா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாரு.

"லே, கல்யாணம் முடியுத வரைக்கும் நீ இப்படியே இரு."